பழைய ஸ்பீக்கருக்குப் புது ரிசீவர்: 1,60,000 ரூபாய் போட வேண்டுமா?

கேள்வி: 2010-ல் வாங்கிய 5.1 ஸ்பீக்கர் செட் வைத்திருக்கிறேன். முன்னால் இரண்டு டவர், ஒரு சென்டர், பின்னால் இரண்டு சிறியவை, தனியாகக் கரன்ட் எடுக்கும் சப்வூஃபர். இவற்றை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியான ரிசீவர் போய்விட்டது, பார்ட்ஸும் கிடைக்கவில்லை. கடையில், "இந்த டவருக்கு 150 வாட்டாவது வேண்டும்" என்று 1,60,000 ரூபாய் ரிசீவரைக் காட்டுகிறார்கள், 12 மாதம் நோ காஸ்ட் இ.எம்.ஐ. உண்டாம். கையில் 60,000 இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் அங்கிருந்து வாங்கி வரவா என்று கேட்கிறார். ஹால் 12-க்கு 15 அடி. டவர் பின்னால் 8 ஓம், 90 டெசிபல் என்று போட்டிருக்கிறது. என்ன செய்யலாம்? - வாசகர், திருச்சி

பதில்: 1,60,000 ரூபாய் ரிசீவர் உங்களுக்கு வேண்டாம். கையில் இருக்கும் 60,000-க்குள்ளேயே இது முடிந்துவிடும்.

ஆனால் ரிசீவர் பார்க்கப் போகும் முன்னால் ஸ்பீக்கர்களைப் பாருங்கள். முன்பக்கத் துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். அது ரப்பராக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஃபோமாக இருந்தால் இத்தனை வருடத்தில் உதிர ஆரம்பித்திருக்கும். வளையத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ரிசீவருக்கு எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டும்.

இப்போது அந்த 150 வாட். 90 டெசிபல் என்றால், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி 90 டெசிபல் சத்தம் கேட்கும் என்று பொருள். உங்கள் ஹாலில் சோஃபா 3 மீட்டர் தூரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வரும்போது 10 டெசிபல் அளவுக்குக் குறைந்து 80 ஆகிவிடும். வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல் கூடும். அப்படியே ஏற்றிக்கொண்டே போனால் 32 வாட்டில் சோஃபாவில் 95 டெசிபல். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். இது ஒரே ஒரு ஸ்பீக்கருக்கான கணக்கு, ஐந்தும் சேரும்போது இன்னும் கூடும். போதாததற்கு உங்கள் சப்வூஃபருக்குச் சொந்த ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. ரிசீவர் செட்டிங்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியை அதற்குத் திருப்பிவிட்டால், அதிகம் பவர் தின்கிற பேஸ் வேலை ரிசீவர் தலையிலிருந்து இறங்கிவிடும். ஆக, உண்மையான 80 வாட் தாராளம். 80-க்குப் பதில் 160 வாட் வாங்கினாலும் கூடுவது அதே 3 டெசிபல்தான்.

'உண்மையான' என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட், பல நேரம் ஒரே ஒரு சேனலை 6 ஓமில், 1 கிலோஹெர்ட்ஸில், 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) வரை ஓட்டி எடுத்த எண். நீங்கள் தேட வேண்டியது 8 ஓம், இரண்டு சேனல், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.1 சதவீதத்துக்குக் கீழே டிஸ்டார்ஷன் என்று எழுதியிருக்கும் வரியை. கடைக்காரரிடம் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். ஓம் குறையக் குறைய ரிசீவர் அதிகக் கரன்ட் தள்ள வேண்டும். உங்கள் ஸ்பீக்கர் 4 ஓமாக இருந்திருந்தால், 4 ஓமைத் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லியிருப்பேன். 8 ஓமுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

நோ காஸ்ட் இ.எம்.ஐ.க்கு வருவோம். பேங்க் வட்டி போடத்தான் செய்யும், அதே தொகையைக் கடை தள்ளுபடியாகக் கழித்துவிடும். ஆனால் அந்த வட்டி மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்கள் கணக்கில்தான் ஏறும். வட்டி 16 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், 1,60,000-க்கு அது மட்டும் 2,300 ரூபாயைத் தாண்டும். பிராசசிங் ஃபீஸ் தனி. மொத்தப் பணத்தையும் கொடுத்துப் பேரம் பேசி விலை குறைக்கும் வாய்ப்பும் இ.எம்.ஐ.யில் போய்விடும். மாதம் 13,333 ரூபாய் ஒரு வருடத்துக்குக் கட்டும் அளவுக்கு இது அவசியமான பொருளும் இல்லை. ஸ்பீக்கர் 15 வருடம் கழித்தும் பாடும். ரிசீவர் அப்படியில்லை, டி.வி.யையும் மற்றவற்றையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளின் தரம் மாறும்போதெல்லாம் அதன் மதிப்பு சரியும்.

அண்ணன் யோசனையும் வேண்டாம். அமெரிக்காவில் விற்கும் மாடல்கள் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்தவை. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் எரிந்துவிடும், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். இந்திய வாரன்ட்டியும் பொதுவாகக் கிடைக்காது.

சரி, என்ன வாங்குவது? ஐந்து ஸ்பீக்கருக்கு 5.2 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கர், இரண்டு சப்வூஃபர் வரை இணைக்கலாம்) போதும். மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் அட்மாஸ் ஸ்பீக்கரைக் கூரையில் மாட்டும் எண்ணம் நிஜமாகவே இருந்தால் மட்டும் 7.2. மைக் வைத்து அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்யும் வசதி இருக்கட்டும், நான் காசு கொடுக்கச் சொல்வது அதற்குத்தான். டி.வி. ஆப்களில் படம் பார்ப்பவர் என்றால் இஆர்க் (டி.வி.யின் ஒலியை எச்டிஎம்ஐ வழியே ரிசீவருக்கு அனுப்பும் வசதி) இருப்பது நல்லது. 4கே 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை மாறும் 4கே படம்), பிளேஸ்டேஷன் 5 அல்லது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் போன்ற கேம் மெஷின் வைத்திருந்தால் மட்டுமே வேண்டும். அப்படி வைத்திருந்து செகண்ட் ஹேண்ட் பார்த்தால் 2020 மாடல்களில் கவனம்: அந்த வருடம் வந்த சில 8கே ரிசீவர்களில் எச்டிஎம்ஐ சிப் கோளாறால், எக்ஸ்பாக்ஸில் 4கே 120 போட்டால் படமே வராமல் போனது. உங்கள் கேம் மெஷினையே எடுத்துப் போய்ச் செருகிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மிச்சமாகும் தொகையில் ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வாங்குங்கள், ரிசீவருக்கு மேலே காற்றுப் போக அரை அடியாவது இடம் விட்டு வையுங்கள்.