பட்டறைக் கேள்வி பதில்: கணினி சொன்னதும் கட்டர் செய்ததும்

கணினிக் கட்டளைப்படி கட்டரை நகர்த்தி மரம் வெட்டும் சிறிய சி.என்.சி. ரவுட்டர்களைச் சொந்தமாகப் பொருத்தி வேலை செய்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். அனைத்தும் கட்டுப்பாட்டு மென்பொருள் தொடர்பானவை.

கேள்வி (கோண்டாவில் வாசகர்): தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். பாகங்களாக வாங்கிப் பொருத்திய ரவுட்டர் ஒன்று இருக்கிறது. அதன் கட்டுப்பாட்டுப் பலகை ஆர்டுயினோ யூனோ வகை. மடிகணினியில் எந்த மென்பொருளைப் போட வேண்டும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். போட்டுப் பார்த்த ஒன்றும் பலகையைக் கண்டுகொள்ளவில்லை.

பதில்: மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்யும் மூன்று மென்பொருள்களையும் 'சி.என்.சி. சொஃப்ட்வெயார்' என்ற ஒரே பெயரால் அழைப்பதால்தான் ஆளுக்கொன்று சொல்லும் நிலை வருகிறது. முதலாவது, நீங்கள் வரைந்த உருவத்திலிருந்து கட்டர் செல்ல வேண்டிய பாதையைக் கணித்து, ஜி-கோட் என்னும் கட்டளைக் கோப்பாக எழுதித் தருவது. இரண்டாவது, அந்தக் கோப்பை வரி வரியாகப் பலகைக்கு அனுப்புவது. யூனிவர்சல் ஜிகோட் செண்டர், கேண்டில் ஆகியவை இந்த வகை. மூன்றாவது, பலகையின் சில்லுக்குள்ளேயே குடியிருந்து, வந்த கட்டளையை மோட்டாரின் அடிகளாக, அதாவது மோட்டார் ஒவ்வொரு முறையும் திரும்பும் சிறு நகர்வுகளாக, மாற்றுவது. உங்கள் பலகையில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் ஜிஆர்பிஎல் ஆக இருக்கும். நோர்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009இல் தொடங்கிய திறந்தமூல நிரல் அது. வெறும் 32 கிலோபைட் நினைவகம் கொண்ட ஒரு சில்லுக்குள் எக்ஸ், வை, இசட் என்ற மூன்று அச்சுகளையும் (இட வலம், முன் பின், மேல் கீழ்) ஒருங்கே இயக்கும் அந்த நிரலின் நேர்த்தியை நான் இன்றும் வியக்கிறேன்.

பலகை தெரியாமல் இருப்பதற்கு முதலில் யூ.எஸ்.பி. வயரைச் சந்தேகியுங்கள். கைத்தொலைபேசிக்கு மின்னேற்ற மட்டும் பயன்படும் வயர்களில் தகவல் செல்லும் கம்பிகளே இருப்பதில்லை. வயர் சரியென்றால், விலை குறைந்த யூனோ பலகைகளில் உள்ள சிஎச்340 என்ற சில்லுக்கான டிரைவர் (அந்தச் சில்லைக் கணினி அறிய உதவும் மென்பொருள்) விண்டோஸில் நிறுவப்பட்டிருக்கிறதா என்று டிவைஸ் மனேஜரில் பாருங்கள். அங்கே தோன்றும் 'கொம்' எண்ணை அனுப்பும் மென்பொருளில் தெரிவு செய்து, வேகத்தை 115200 என வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள் மட்டுமே அந்த வாயிலைத் திறக்க முடியும் என்பதால், முன்பு திறந்தவற்றை மூடிவிடுங்கள். தொடர்பு கிடைத்ததும் ஜிஆர்பிஎல் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு வரியில் அறிவிக்கும். அந்த வரி வரும்வரை வேறு எந்த அமைப்பையும் தொட வேண்டாம்.

கேள்வி (சுன்னாகம் வாசகர்): எக்ஸ் அச்சை 100 மி.மீ. நகர்த்தச் சொன்னால் அறுபத்திரண்டரை மி.மீ. அளவுதான் நகர்கிறது. திரையிலோ 100 என்றே காட்டுகிறது. மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவியும் பயனில்லை.

பதில்: அழித்து நிறுவியதால் பயன் கிடைத்திருக்காது; இந்தப் பிழை மடிகணினியில் இல்லை. திரையில் தெரியும் 100 என்பது அளந்து பெற்ற எண் அல்ல. இத்தனை அடிகளை அனுப்பிவிட்டேன், ஆகவே இத்தனை மில்லிமீற்றர் நகர்ந்திருக்க வேண்டும் என்ற கணக்கு மட்டுமே. நம் ரவுட்டருக்குக் கண் கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழைகளை இருந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு மில்லிமீற்றருக்கு எத்தனை அடிகள் என்பதை ஜிஆர்பிஎல் $100, $101, $102 என்ற மூன்று அமைப்புகளில் முறையே எக்ஸ், வை, இசட் அச்சுகளுக்காக வைத்திருக்கிறது. கட்டளைப் பெட்டியில் $$ என்று எழுதி அனுப்பினால் எல்லா அமைப்புகளும் வரிசையாக வரும். புதிதாகப் பதியப்பட்ட ஜிஆர்பிஎல்லில் இந்த மூன்றும் 250 என்றே இருக்கும். இனி உங்கள் இயந்திரத்துக்குரிய எண்ணைக் கணிப்போம். வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடிகள் வைக்கும். மோட்டார் டிரைவரின் (மோட்டாருக்கு மின்சாரம் செலுத்தும் சிறு பலகை; முன்பு சொன்ன விண்டோஸ் டிரைவர் அல்ல) கீழே உள்ள மூன்று ஜம்பர்களும், அதாவது இரு ஊசிகளை இணைக்கும் சிறு மூடிகளும், போடப்பட்டிருந்து, டிரைவர் ஏ4988 வகையாக இருந்தால், ஒவ்வோர் அடியும் 16 துண்டுகளாகும். ஆகவே சுற்றுக்கு 3200. உங்கள் திருகுக்கம்பி ஒரு சுற்றில் 8 மி.மீ. நகர்த்தும் வகை என்றால், 3200ஐ 8ஆல் வகுக்க 400 வரும். 400 அடி தேவைப்படும் இடத்தில் 250 அடி அனுப்பினால் 100 மி.மீ.க்குப் பதில் 62.5 மி.மீ. தான் நகரும். நீங்கள் எழுதிய எண்ணும் அதுவே. $100=400 என்று எழுதி அனுப்புங்கள்; அது பலகையின் நினைவகத்தில் பதிந்துவிடும்.

எனினும் மற்ற இரண்டு அச்சுகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு அதே எண்ணை எழுத வேண்டாம். ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகரும் கம்பி சில இயந்திரங்களில் இருக்கும். அதற்கு 800 வேண்டும். பின்னொரு நாள் டிரைவர் எரிந்து, அதற்குப் பதிலாக டிஆர்வி8825 வகையைப் போட்டால், அதே மூன்று ஜம்பர்களும் அடியை 32 துண்டுகளாக்கும்; எண் இரட்டிப்பாகும். டிரைவரையோ மோட்டார் வயரையோ மின்சாரம் இருக்கும்போது கழற்றக் கூடாது. டிரைவர்கள் எரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரிபார்ப்பதற்கு நான் செய்யும் முறை இது. கட்டருக்குப் பதிலாகக் கூராகச் சீவிய பென்சில் துண்டொன்றைப் பிடியில் பொருத்தி, மேசைமேல் ஒட்டிய மாஸ்கிங் டேப்பில் ஒரு புள்ளி வைப்பேன். பிறகு 200 மி.மீ. நகர்த்தி இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளிகளையும் ஒரே திசையிலிருந்து வந்து வைக்க வேண்டும். இடமிருந்து ஒன்றும் வலமிருந்து ஒன்றும் வைத்தால், திருகுக்கும் சுரைக்கும் (நட்) இடையிலுள்ள தளர்வும் அளவோடு சேர்ந்துகொள்ளும். அந்தத் தளர்வை ஈடுசெய்யும் வசதி ஜிஆர்பிஎல்லில் இல்லை. வட்டம் வெட்டும்போது திசை மாறும் இடங்களில் சிறு தட்டை விழுந்தால், சுரையை இறுக்கிப் பாருங்கள். $100ஐத் திருத்தி அதைச் சீராக்க முயல வேண்டாம். அடிமட்டத்தால் 20 மி.மீ. அளந்து, அதைக் கொண்டு 398.7 என்று எழுதிவைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். கணக்கு 400 என்று சொல்லும் இடத்தில் கணக்கையே நம்புங்கள்.

கேள்வி (நல்லூர் வாசகர்): வேப்பம் பலகையில் கதவுச் சட்டத்துக்கான பூவேலை வெட்டுகிறேன். மரமில்லாமல் ஓட்டிப் பார்த்தால் முழுக் கோப்பும் ஓடி முடிகிறது. மரத்தை வைத்து வெட்டினால் பாதியில் நின்றுவிடுகிறது, தொடர்பும் அறுந்துவிடுகிறது. மென்பொருளை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே விடைக்கு வழி இருக்கிறது: மரமில்லாமல் ஓட்டியபோது ஸ்பிண்டிலும் (கட்டரைச் சுழற்றும் மோட்டார்) தூசு உறிஞ்சியும் ஓடினவா என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் இரண்டும் நின்றிருக்கும். நிற்கிற பிழையும் விலகுகிற பிழையும் வேறு வேறு. கட்டருக்குச் சுமை கூடி மோட்டார் அடி தவறினால், இயந்திரம் நிற்காது. தவறிய இடத்திலிருந்து பூ முழுவதும் ஒரு பக்கமாக விலகி, வேலை கடைசிவரை ஓடும். அதற்கு மருந்து, நகரும் வேகத்தையும் $120 தொடங்கிவரும் முடுக்க எண்களையும் குறைப்பது. தொடர்பே அறுவது பெரும்பாலும் மின்னிரைச்சலால், அதாவது பக்கத்து மின்கருவிகளிலிருந்து வயருக்குள் புகும் வேண்டாத மின்துடிப்புகளால், வருவது.

எனக்கும் ஒருமுறை இது நடந்தது. சோளகக் காற்று வீசிய ஒரு பிற்பகல், ஏறத்தாழ முக்கால் பங்கு முடிந்த தேக்குப் பலகை ஒன்று கண்முன்னே நின்றுபோனது. மூன்று நாள் மென்பொருளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நான்காம் நாள், தூசு உறிஞ்சியின் பிளாஸ்டிக் குழாயை ஓரமாகத் தள்ளப் போனபோது, தொடுவதற்கு முன்பே முழங்கை மயிர் அதை நோக்கி எழுந்து நின்றது. காய்ந்த மரத்தூள் குழாயில் உரசி உரசி நிலைமின் சேர்ந்து, பக்கத்திலே கிடந்த யூ.எஸ்.பி. வயருக்குப் பாய்ந்திருக்கிறது. குழாயின் உள்ளும் புறமும் வெறும் செப்புக் கம்பியொன்றைச் சுற்றிக்கொண்டு போய்ப் புவித்தொடுப்போடு இணைத்தேன். அதன்பிறகு அந்தப் பிழை வரவில்லை.

உங்களுடையதைக் கண்டுபிடிக்க, மரமில்லாமல் முதலில் ஸ்பிண்டிலை மட்டும் ஓடவிட்டுக் கோப்பை ஓட்டுங்கள். அது நின்றால் ஸ்பிண்டிலின் இரைச்சல். ஓடினால், தூசு உறிஞ்சியையும் சேருங்கள். ஸ்பிண்டில் வயரையும் யூ.எஸ்.பி. வயரையும் ஒன்றாகக் கட்டியிருந்தால் பிரித்து விலக்குங்கள். யூ.எஸ்.பி. வயர் குறுகியதாகவும் இரு முனையிலும் இரைச்சலைத் தணிக்கும் ஃபெரைட் வளையம் கொண்டதாகவும் இருப்பது நல்லது. மடிகணினியை மின்னேற்றியில் இருந்து கழற்றி, பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். பிழை மறைந்தால், புவித்தொடுப்பு வழியாக இரைச்சல் சுற்றுகிறது என்று பொருள். பழைய வீடுகளில் மூன்று துளைப் பிளக் இருந்தும் மூன்றாம் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாதிருக்கலாம்; மின்னிணைப்பாளர் ஒருவரைக் கொண்டு அதைச் சோதிப்பது ரவுட்டருக்கு மட்டுமன்றி உங்கள் உயிருக்கும் காவல்.

கேள்வி (பருத்தித்துறை வாசகர்): எல்லைச் சுவிட்ச் பொருத்திய பிறகு 'அலாரம் 9' வருகிறது, அதன்பின் எந்தக் கட்டளையும் ஏற்பதில்லை. சில நேரம் சரியாக வந்தாலும் எண்கள் எல்லாம் கழித்தல் குறியோடு காட்டுகின்றன.

பதில்: இயந்திரம் தன் இடத்தை அறிய, ஓரத்தில் உள்ள எல்லைச் சுவிட்சைத் தொடும்வரை நகர்ந்து தேடும். அலாரம் 9 என்றால் தேடிய தூரத்துக்குள் சுவிட்ச் அகப்படவில்லை என்று பொருள். $130 முதல் $132 வரை எழுதியுள்ள நீளத்தின் ஒன்றரை மடங்கு தூரம்வரைதான் ஜிஆர்பிஎல் தேடும். ஆரம்ப எண் 200 ஆகையால் 300 மி.மீ.க்கு அப்பால் சுவிட்ச் இருந்தால் தேடுதல் கைவிடப்படும். சில நேரம் சரியாக வருவது, அன்றைக்குக் கட்டர் அருகில் நின்றதால். இயந்திரத்தின் உண்மையான நீளத்தை எழுதுங்கள். சுவிட்சுக்கு எதிர்த்திசையில் ஓடினால் $23ஐ மாற்றுங்கள். அலாரம் வந்தபின் கட்டளைகளை மறுப்பது பாதுகாப்புக்காக. மீண்டும் $எச் அனுப்பி எல்லையைத் தேடவிடுங்கள். கழித்தல் குறி பிழையல்ல. தொடக்கப் புள்ளியை மேல் வலது மூலையில் வைத்து, வேலைப் பரப்பு முழுவதையும் அதற்குக் கீழே எண்ணுவது ஜிஆர்பிஎல்லின் வழக்கம்.

கேள்வி (சாவகச்சேரி வாசகர்): நீண்ட வேலையின் நடுவில் மின்வெட்டு வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா?

பதில்: முடியும், அதற்கு எல்லைச் சுவிட்ச் இருக்க வேண்டும். 2022இல் மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஜி54 கொண்டு குறித்த வேலைத் தொடக்கப் புள்ளி பலகையின் நினைவகத்தில் மின்சாரம் இன்றியும் நிலைத்திருக்கும். ஜி92 கொண்டு குறித்தது அழிந்துவிடும். ஆகவே மரத்தை அசைக்காமல், மின்சாரம் வந்ததும் எல்லையைத் தேடவிட்டால், பழைய தொடக்கப் புள்ளி தானாகவே திரும்பக் கிடைக்கும். கோப்பை நடுவிலிருந்து அனுப்பும்போது, தொடங்கும் வரிக்கு முன்னால் ஜி21 (அளவு மில்லிமீற்றரில்), ஜி90 (தூரத்தைத் தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணுவது), ஸ்பிண்டிலைச் சுழற்றும் கட்டளை, கட்டரை மரத்துக்கு மேலே உயர்த்தும் வரி, நகரும் வேகம் ஆகியவற்றை நீங்களே எழுத வேண்டும். இவற்றில் பல கோப்பின் தலைப்பகுதியில் மட்டுமே இருப்பவை. நின்ற வரிக்குச் சில வரிகள் முன்னிருந்தே தொடங்குங்கள்.

ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். மின்வெட்டின்போது மடிகணினி பற்றரியில் உயிரோடிருக்கும், யூ.எஸ்.பி. வழியாகப் பலகையும் உயிரோடிருக்கும். மோட்டார்கள் செத்திருக்க, பலகை மட்டும் அடிகளை அனுப்பிக்கொண்டே போகும். அந்த நேரம் மின்சாரம் திரும்பினால், ஸ்பிண்டில் திடீரெனச் சுழன்று, கட்டர் எங்கிருக்கிறது என்றே அறியாத இயந்திரம் மரத்துக்குள் பாயும். அப்போது உங்கள் கை கட்டருக்கு அருகில் இருக்கக்கூடும். மின்சாரம் போனால் தானே விடுபட்டு, பொத்தானை அழுத்தினால் மட்டுமே மீண்டும் இணையும் தொடுகைச் சுவிட்ச் ஒன்றை ஸ்பிண்டிலுக்கும் மோட்டார் மின்வழங்கிக்கும் முன்னால் பொருத்துங்கள். அது கிடைக்கும்வரை, விளக்கு அணைந்த கணமே சுவரில் உள்ள பிளக்கைக் கழற்றிவிட்டு, அதன் பிறகு மடிகணினிக்கு வாருங்கள்.