பட்டறைப் பதில்கள்: காற்றில் நிற்கும் வண்டிகள்

ஏர் சஸ்பென்ஷன், அதாவது இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு, பற்றி மட்டும் ஒரு கத்தைக் கடிதம் சேர்ந்துவிட்டது. பழைய டிஸ்கவரி, கியூ7, பென்ஸ் ஜிஎல் எல்லாம் புது இனோவாவின் விலைக்கும் கீழே இறங்கிவிட்டன, அதன் வினை. இந்த இதழ் முழுக்க அவற்றுக்குத்தான். கிளச், மைலேஜ் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.

கூடலூரில் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். 2013 மாடல் டிஸ்கவரி 4 டீசல் ஒன்று கோவை புரோக்கரிடம் 17 லட்சத்துக்கு வருகிறது. ஓட்டிப் பார்த்தேன், மனசு போய்விட்டது. “ஏர் சஸ்பென்ஷனா, தலைதெறிக்க ஓடு” என்கிறார் மைத்துனர். வாங்கலாமா?
- எஸ்.எம்., கூடலூர்

வாங்கலாம். ஆனால் அந்த 17 லட்சம்தான் உங்கள் மொத்தக் கையிருப்பு என்றால் மைத்துனர் சொல்வதைக் கேளுங்கள். வண்டி பழசானால் வண்டி விலைதான் குறையும், உதிரிபாகத்தின் விலை குறையாது. வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் வருடச் செலவுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் இந்த வகை வண்டிகளைப் பார்க்கவே போக வேண்டும் என்பது என் கருத்து.

ஓட்டிப் பார்த்தது போதாது, நிறுத்திப் பார்க்க வேண்டும். புரோக்கரிடம் சொல்லி வண்டியை ஒரு ராத்திரி சமதளத்தில் நிறுத்தி வையுங்கள். மாலையில் டேப்பை எடுத்து, வீல் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று குறைந்திருந்தால் கணக்கு தப்பும். காலையில் யாரும் கதவைத் திறப்பதற்கு முன்பே போய் மறுபடி அளக்க வேண்டும். ராத்திரிக் குளிருக்குச் சில மில்லிமீட்டர் இறங்குவது இயல்பு. இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

“நான்கு பக்கமும் ஒரே மட்டமாகத்தான் சார் நிற்கிறது” என்று புரோக்கர் சொல்வார். அதை நம்பி டேப்பை மடித்துவிடாதீர்கள். டிஸ்கவரி 3, 4 இரண்டும் நிறுத்தி வைத்த பிறகும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து, ஒரு மூலை இறங்கியிருந்தால் மற்ற மூன்றையும் அதன் மட்டத்துக்கு இறக்கிவிடும். ஒரே ஒரு பெல்லோ, அதாவது காற்று ரப்பர் பை, கசிந்தாலும் காலையில் வண்டி சமமாகவே தெரியும், ஆனால் மொத்தமாகத் தாழ்ந்திருக்கும். மாலையில் எழுதிய கணக்கு கையில் இருந்தால்தான் அது பிடிபடும்.

அப்புறம் ஸ்டார்ட் செய்து, ஆட்கள் ஏறி இறங்குவதற்கான தாழ்ந்த நிலையிலிருந்து ஆஃப்ரோடு உயரத்துக்குத் தூக்கச் சொல்லுங்கள். சாதாரண உயரத்துக்கும் கீழே 5 செ.மீ. அளவும், மேலே ஐந்தரை செ.மீ. அளவும் போகிற வண்டி இது. டேங்கில் காற்று நிறைந்திருந்தால் தயங்காமல் எழும். இடது பக்கம் அடியிலிருந்து, காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர் வெகுநேரம் முனகிக்கொண்டே இருந்தால் அதற்குக் காலம் நெருங்கிவிட்டது என்று பொருள். சோதிக்கும்போது எல்லாக் கதவுகளும் மூடியிருக்கட்டும். கதவு திறந்திருந்தால் வண்டி உயரத்தை மாற்றாது, அதைப் பழுது என்று நினைத்து விலை பேசப் போய் நம் மானம் போகும்.

லேண்ட் ரோவருக்கான ஸ்கேனர் வைத்திருப்பவரைக் கூட்டிப் போங்கள். பழுதைப் படிக்கும் சாதாரண ஓபிடி கருவி எஞ்சினோடு நின்றுவிடும், சஸ்பென்ஷன் கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்க்காது. நீங்கள் வருவதற்குச் சற்று முன்தான் கம்ப்யூட்டரில் பதிவான பழைய பழுதுக் குறியீடுகளை அழித்திருக்கவும் கூடும். அதனால் ஒருமுறை படித்து, முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டி, எல்லா உயரத்துக்கும் ஏற்றி இறக்கி, மறுபடி படிக்க வேண்டும்.

ஒன்று சொல்லட்டுமா? எல்லோரும் ஏர் சஸ்பென்ஷனைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். இந்த 3 லிட்டர் டீசலில் நான் பயப்படுவது கிராங்க் ஷாஃப்ட்டுக்கு, எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டுக்கு. பேரிங் சுழன்று கிராங்க் போனால் எஞ்சினே போச்சு. அந்தச் செலவில் இரண்டு முறை முழு சஸ்பென்ஷனையும் மாற்றலாம். ஆயில் எப்போது மாற்றினார்கள், டைமிங் பெல்ட்டும் பின்னால் டீசல் பம்ப்பை ஓட்டும் பெல்ட்டும் மாற்றியாயிற்றா என்பதற்கு பில் கேளுங்கள். பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். வாங்கிய பிறகு, புத்தகத்தில் என்ன போட்டிருந்தாலும், 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். பிரேக் போடும்போது முன்னால் ‘டொக்’கென்று தட்டினால், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது. இரண்டரை டன் வண்டியை மலை ரோட்டில் ஓட்டினால் அது தேயத்தான் செய்யும், அதற்காக வேண்டாம் என்று திரும்பி வராதீர்கள்.

தோட்டத்துக்குள் உரமூட்டை ஏற்ற, ஆட்களை இறக்க என்றால் பொலேரோ போதும். டிஸ்கவரி குடும்பத்தோடு கோவை, மைசூர் போய்வர வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்ததும் அடிப்பாகத்தையும், இடது பக்கம் சேசிஸை ஒட்டியிருக்கும் கம்ப்ரசர் உறையையும் சேறு போகக் கழுவச் சொல்லுங்கள். அங்கே சேறு காய்ந்து அடைத்தால் கம்ப்ரசர் சூட்டிலேயே சாகும்.

நான் ஆம்னி பஸ் நடத்துகிறவன். சொந்த உபயோகத்துக்கு டிஸ்கவரி 4 வாங்கி ஒரு வருடம் ஆகிறது. சில மாதங்களாகக் காலையில் தாழ்ந்து நிற்கும், ஸ்டார்ட் செய்தால் எழுந்துவிடும். எங்கள் பஸ்ஸிலும் பெல்லோ கசியும், ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது மஞ்சள் விளக்கு. ஸ்கேனரில் சி1ஏ20 என்ற பழுதுக் குறியீடு வந்ததாம். கம்ப்ரசரை மாற்ற வேண்டும் என்கிறார்கள். சரியா?
- ஆர்.டி., திருநெல்வேலி

பாதி சரி. கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் அடுத்த வருடமும் மாற்றுவீர்கள்.

பஸ் கணக்கு வேறு. உங்கள் பஸ்ஸில் கம்ப்ரசரை எஞ்சினே சுற்றுகிறது. பிரேக்குக்கும் அதே காற்று என்பதால் பெரிதாகவே வைத்திருப்பார்கள், நாள் முழுக்க ஓடினாலும் தாங்கும். பெல்லோ கொஞ்சம் கசிந்தால் அது ஈடுகட்டிவிடும். காரில் இருப்பது கரண்ட் மோட்டாரில் ஓடும் சின்னக் கம்ப்ரசர். கொஞ்ச நேரம் ஓடி, டேங்கை நிரப்பி, ஆறிக்கொள்வதற்காகச் செய்தது. கசிவு இருந்தால் அதற்கு ஆற நேரமில்லை. சூட்டில் பிஸ்டன் ரிங் தேய்கிறது, அழுத்தம் குறைகிறது, அதனால் இன்னும் அதிக நேரம் ஓடுகிறது, இன்னும் சூடாகிறது. சி1ஏ20 என்பதற்கு அர்த்தமே, டேங்க் நிரம்புவதற்கு வேண்டிய வேகத்தில் அழுத்தம் ஏறவில்லை என்பதுதான். கம்ப்ரசர் களைத்துவிட்டது என்று அது சொல்கிறது. யார் களைக்க வைத்தார்கள் என்று சொல்லவில்லை. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில், மேலே சொன்னேனே, தானே மட்டம் சரிசெய்துகொள்ளும் பழக்கம், அதை நிறுத்த வேண்டும். வண்டியை எழுப்பி நிறுத்திவிட்டு சஸ்பென்ஷன் கம்ப்யூட்டரின் ஃப்யூஸை ராத்திரிக்குக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். இப்போது எந்த மூலை கசிகிறதோ அது மட்டும் உட்காரும். முன்பக்கம் இரண்டுமோ பின்பக்கம் இரண்டுமோ சேர்ந்து உட்கார்ந்தால் காற்றைப் பிரித்து அனுப்பும் அந்தப் பக்கத்து வால்வு பிளாக்கைச் சந்தேகப்படலாம். அப்புறம் பஞ்சர் கடை வேலைதான்: சோப்புத் தண்ணீரைக் குழாய் இணைப்புகளிலும் பெல்லோவின் ரப்பர் மடிப்பிலும் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. பல நேரம் பெல்லோவில் குற்றமே இருக்காது. மெல்லிய நைலான் குழாயை எலி கடித்திருக்கும், அல்லது இணைப்பு தளர்ந்திருக்கும். குழாயைச் சுத்தமாக வெட்டி இணைப்பை மாற்றினால் முடிந்தது, சில நூறு ரூபாய். ஒரு எச்சரிக்கை: டேங்கில் 200 பிஎஸ்ஐக்கு மேல் காற்று இருக்கும். ஸ்கேனர் மூலம் காற்றை வெளியேற்றாமல் யாரும் ஸ்பேனரை வைக்கக் கூடாது.

கசிவை அடைத்த பிறகு கம்ப்ரசர். அதோடு இரண்டு பொருளைச் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஒன்று டிரையர். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் மணிகள் அதில் இருக்கும். ஓயாமல் ஓடிய கம்ப்ரசரில் அவை நனைந்து பொடியாகி, வால்வு பிளாக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு வால்வு சரியாக மூடாது, புதிதாக ஒரு கசிவு. இன்னொன்று ரிலே, கம்ப்ரசருக்குக் கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். விலை குறைந்த சாமான்தான், ஆனால் அதன் உள் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டால் சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரசர் ஓடும், பேட்டரியும் போகும், புதுக் கம்ப்ரசரும் போகும். உங்கள் வண்டியில் ஹிட்டாச்சி கம்ப்ரசர் இருந்து, கடைக்காரர் ஏஎம்கே கம்பெனியினுடையதைத் தருகிறார் என்றால் நல்லதுதான். ஆனால் சாஃப்ட்வேர் அப்டேட் செய்து தருவாரா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ரிங் மட்டும் மாற்றும் கிட்டும் கிடைக்கிறது. சிலிண்டர் கீறாமல் இருந்தால் அதுவே போதும், நான் முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பேன்.

பேட்டரிக்கு வயதாகிவிட்டதா என்றும் பாருங்கள். வோல்டேஜ் குறைந்தால் இந்த வண்டிகள் முதலில் சஸ்பென்ஷன் மேல்தான் பழி போடும்.

ஏரைக் கழற்றிவிட்டு சாதா ஸ்பிரிங் போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர். நிம்மதியா?
- ஜி.வி., சேலம்

அவருக்கு நிம்மதி. டிஸ்கவரியில் ஆஃப்ரோடு உயரம், சுமை ஏற்றினாலும் பின்பக்கம் தாழாமல் நிற்பது, ஒரு பக்க பெல்லோவையும் மறுபக்கத்தையும் காற்றால் இணைத்துச் சக்கரங்களை மேடுபள்ளத்தில் மேலும் கீழும் தாராளமாக ஆட விடுவது, எல்லாம் போய்விடும். எச்சரிக்கை விளக்கை ஏமாற்ற ஒரு பெட்டி தனியாக வைப்பார்கள், அது பழுதாகிற நாளும் வரும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் எதைக் காரணம் காட்டுவார் என்று யோசித்து, அவரிடம் எழுத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். உதிரிபாகமே கிடைக்காத, வேறு வழியில்லாத வண்டிக்கு மட்டும்தான் நான் ஸ்பிரிங்குக்குச் சம்மதிப்பேன்.

டெல்லியிலிருந்து கியூ7 டீசல் பாதி விலைக்கு வருகிறது. எடுக்கலாமா?
- கே.பி., ஈரோடு

10 வயது தாண்டிய டீசல் வண்டிகளுக்கு டெல்லி வட்டாரத்தில் வந்த கெடுபிடியால் அங்கே விலை விழுந்தது. 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் ஆரம்பித்து வைத்தது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அது நமக்கு லாபமா என்பதை ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள், புரோக்கரிடம் அல்ல. அங்கிருந்து படிவம் 28-இல் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால், அது தீர்ந்ததற்குப் படிவம் 35. இங்கே மறுபதிவு, வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி. வரி கணக்கிடுவது நீங்கள் கொடுக்கும் பாதி விலைக்கு அல்ல. இந்தத் தொகை தெரிவதற்கு முன் முன்பணம் கொடுக்காதீர்கள். ஆர்சி 15 வருடத்துக்குத்தான், எத்தனை வருடம் மிச்சம் என்றும் எண்ணுங்கள். எந்த ஊர் வண்டியானாலும் சீட் தண்டவாளத்தில் துருவும், கார்ப்பெட்டுக்கு அடியில் சேற்று வாடையும் இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. தண்ணீர் புகுந்த ஏர் சஸ்பென்ஷனை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.

ஊட்டி ரோட்டில் என் கியூ7 பஞ்சர். ஜாக்கி போட்டதும் வண்டி தானாக அசைந்தது, பயந்துவிட்டோம். ஏன்?
- என்.எல்., மேட்டுப்பாளையம்

தூக்கிய மூலை உயர்ந்துவிட்டது என்று நினைத்து வண்டி மட்டத்தைச் சரிசெய்யப் பார்த்திருக்கிறது. திரையில் சஸ்பென்ஷன் பக்கத்துக்குப் போனால் ஜாக்கி மோட் இருக்கும், அதைப் போட்டுவிட்டுத்தான் தூக்க வேண்டும். ஜாக்கியை நம்பி யாரும் அடியில் கை, தலை நீட்டக் கூடாது. டோ வண்டியில் போக நேர்ந்தால் ஃப்ளாட்பெட் கேளுங்கள், கயிற்றைப் பாடியில் கட்டாமல் சக்கரத்தில் கட்டச் சொல்லுங்கள். பாடியில் கட்டி, வழியில் காற்று இறங்கினால் கட்டு தளர்ந்துவிடும். குன்னூர் இறக்கத்தில் அது வேண்டாம்.

ஷார்ஜாவில் வேலை. இங்கே எல்ஆர்4 வி8 பெட்ரோல் மலிவாகக் கிடைக்கிறது. வெயிலும் மணலும் ஏர் சஸ்பென்ஷனுக்கு ஒத்துக்கொள்ளுமா?
- எம்.ஐ., ஷார்ஜா

எல்ஆர்4 என்பது நம்மூர் டிஸ்கவரி 4-தான், வேறு பெயர். வெயில் ரப்பருக்கு எதிரி, அதனால் பெல்லோவின் மடிப்பில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மணலில் போகும்போது ஆஃப்ரோடு உயரத்தில் வையுங்கள். 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் தானே இறங்கிவிடும், அது பழுதல்ல. மணலிலிருந்து திரும்பியதும் அடிப்பாகத்தைக் கழுவுங்கள், கம்ப்ரசர் உறிஞ்சும் காற்றின் ஃபில்டரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

5 லிட்டர் வி8-இல் காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது பானெட் அருகே நின்று கேளுங்கள். முன்பக்கம் கடகடவென்று வந்தால் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பெரிய செலவு. எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால் அந்தச் சத்தம் கேட்காது, அதனால் விற்பவர் “இப்போதுதான் சார் ஓட்டி வந்தேன்” என்றால் வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். கூலன்ட் போகும் பிளாஸ்டிக் குழாய்களும் சூட்டில் நொறுங்கும், ஈரமோ வெள்ளைக் கறையோ தெரிகிறதா பாருங்கள். வளைகுடாவுக்கென்றே வந்த வண்டியா, அமெரிக்காவில் விபத்தாகி ஏலத்தில் போய் இங்கே வந்து ஒட்டுப்போட்டதா என்பதைச் சேசிஸ் எண்ணை வைத்துச் சரிபார்த்துவிடலாம். அமெரிக்க வண்டி என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் அடுத்த வண்டியைப் பார்க்கச் சொல்வேன்.