நல்லபடி நடந்ததற்கும் காரணம் தேடலாம்: எட்டுக் கேள்விகள், எட்டுப் பதில்கள்

வெற்றிக்கும் தோல்விக்கும் என்ன காரணம் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் கேள்வி அனுப்பிய எல்லாருக்கும் வணக்கம். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 1985-லிருந்து 2024 வரை வேலை பார்த்தவன். ஒரு பாகம் ஏன் கெட்டுப்போனது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. கடைசிப் பத்து வருடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தேன். யார் மேலே வருகிறார்கள், யார் நின்றுவிடுகிறார்கள், ஏன் என்று அப்போதிருந்து கவனித்து வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

2023-ல் இரண்டு ஏக்கர் தக்காளி போட்டேன். ஜூலையில் கை நிறையக் காசு. ஊரே வந்து யோசனை கேட்டது. அடுத்த முறை அதே நாற்று, அதே உரம், அதே மருந்து; பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை. எங்கே தப்பு செய்தேன்? (விவசாயி, பாலக்கோடு)

அண்ணா, இரண்டாவது முறை நீங்கள் எதையும் தப்பாகச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. முதல் முறை கிடைத்த லாபத்துக்கான காரணத்தைத்தான் தப்பாக எடுத்துக்கொண்டீர்கள்.

அந்த ஜூலையில் நாடு முழுக்க வரத்து குறைந்து, சில்லறை விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனது. நாற்று நட்டால் இரண்டு, இரண்டரை மாதத்தில் பறிப்பு வந்துவிடும். அதனால் ஜூலை விலையைப் பார்த்து நட்டவர்கள் காயெல்லாம் ஒரே சமயத்தில் மண்டிக்கு வந்து நின்றது. செப்டம்பரில் விலை தரைக்கு வந்ததை ராயக்கோட்டை மண்டிக்குப் போன யாரும் மறக்க மாட்டார்கள். நீங்கள் போட்ட உரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு நோட்டுப் போடுங்கள். ஏக்கருக்கு எத்தனை பெட்டி, அதில் முதல் ரகம் எத்தனை, பெட்டி என்ன விலைக்குப் போனது என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். முதல் இரண்டும் பெரும்பாலும் உங்கள் கையில் இருப்பவை. விலை உங்கள் கையில் இல்லை. நஷ்டப்பட்ட முறையும் பெட்டி எண்ணிக்கை குறையவில்லை என்றால் உங்கள் விவசாயம் நன்றாகவே இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம். ஆனால் லாபம் வந்த வருடத்தை நம்பிக் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பரப்பைக் கூட்டாதீர்கள். கைக்காசு கரைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

மாந்தோப்புக்காரர்களும் இதைக் கவனிக்கலாம். மா பொதுவாக ஒரு வருடம் நிறையக் காய்த்து, மறு வருடம் குறைத்துக் காய்க்கும். காய்த்த வருடம் அடித்த மருந்துக்கு நல்ல பெயர், காய்க்காத வருடம் அடித்த மருந்துக்குக் கெட்ட பெயர். மரம் தன் கணக்குப்படி காய்த்துக்கொண்டிருக்கும்.

பெரிய ஆட்கள் எல்லாரும் காலை நாலரைக்கு எழுகிறார்கள் என்று கேட்டு நானும் ஆறு மாதமாக எழுகிறேன். தூக்கம் போனதுதான் மிச்சம். விட்டுவிடலாமா? (மென்பொருள் பணியாளர், ஓசூர்)

தம்பி, ஒரு நாள் விடியற்காலையில் ஓசூர் பூ மார்க்கெட் பக்கம் போய்ப் பாருங்கள். மூட்டை தூக்குகிறவர், டீ ஆற்றுகிறவர், முதல் பஸ் ஓட்டுகிறவர் எல்லாரும் நாலரைக்கு முன்பே எழுந்தவர்கள். அவர்களிடம் யாரும் வெற்றியின் ரகசியம் கேட்பதில்லை. ஜெயித்தவர்களை மட்டும் வரிசையாக நிறுத்தி அவர்களிடம் பொதுவாக இருப்பதை எடுத்தால் எது வேண்டுமானாலும் காரணமாகத் தெரியும்.

ஆபிரகாம் வால்ட் என்ற கணித மேதை இதை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே கணக்காகப் போட்டுக் காட்டினார். அவர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த புள்ளியியல் குழுவில் வேலை பார்த்தவர். சண்டைக்குப் போய்த் திரும்பி வந்த விமானங்களில் குண்டு பட்ட இடங்களைக் குறித்து வைத்திருந்தார்கள். ஓட்டை அதிகமாக இருக்கும் இடத்தில்தான் தகடு போட வேண்டும் என்று நமக்குத் தோன்றும். வால்டின் கணக்கு நேர் எதிராகச் சொன்னது. ஓட்டை அதிகமாக இருந்தும் விமானம் திரும்பி வந்திருக்கிறது என்றால் அந்த இடம் தாங்குகிறது. ஓட்டையே காணாத இடத்தில் அடிபட்ட விமானங்கள் திரும்பி வரவே இல்லை, தகடு அங்கேதான் வேண்டும். இவ்வளவு செய்த அந்த மனிதர் 1950 டிசம்பரில் சொற்பொழிவுப் பயணமாக இந்தியா வந்தபோது, நம் நீலகிரி மலையில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். ஊட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

ஆகவே, யார் பழக்கத்தையாவது எடுத்துக்கொள்ளும் முன் அதே பழக்கம் இருந்தும் மேலே வராதவர்கள் எத்தனை பேர் என்று தேடிப் பாருங்கள். உங்களுக்கு ராத்திரியில் மூளை நன்றாக வேலை செய்கிறதா? அப்போது படியுங்கள், காலையில் ஆறரைக்கு எழுந்தால் போதும்.

பதினெட்டு வருடமாக நிப்பட்டு, முறுக்குக் கடை நன்றாக ஓடுகிறது. நல்ல எண்ணெய், அன்பான பேச்சு, இதுதான் எங்கள் பலம். அதே மாதிரி கிருஷ்ணகிரியில் மகனுக்கு ஒரு கடை வைத்துக் கொடுத்தேன். ஓடவில்லை. ஏன்? (வியாபாரி, காவேரிப்பட்டினம்)

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. முதலில் எங்கள் தொழிற்சாலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு மாதம் எங்கள் லைனில் ரிஜெக்ஷன், அதாவது தரமில்லை என்று ஒதுக்கும் பாகங்களின் எண்ணிக்கை, திடீரென்று ஏறக்குறைய பூஜ்ஜியத்துக்கு வந்தது. புதிதாக வந்திருந்த ஆபரேட்டர் பையனைக் கூப்பிட்டுப் பாராட்டினோம், கைதட்டினோம். அவன் செய்யும் முறையையே எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து ரிஜெக்ஷன் பழைய இடத்துக்கே வந்தது. அப்புறம்தான் பதிவேட்டைப் புரட்டினோம். அந்த மாதம் மட்டும் இரும்புக் கம்பி வேறு லாட்டிலிருந்து (வேறு சரக்குத் தொகுதியிலிருந்து) வந்திருந்தது. கெட்டுப்போனால் காரணம் தேட எங்களிடம் படிவம் இருந்தது, கூட்டம் இருந்தது, கையெழுத்து இருந்தது. நன்றாகப் போனால் தேட எதுவுமே இல்லை. அந்தப் பையன்தான் பாவம், தன் திறமை எங்கே போனது என்று தெரியாமல் மாதக்கணக்கில் வாடிப்போனான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

ஜப்பானின் டொயோட்டாவில் ஒரு பழுது வந்தால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்பார்கள். உங்கள் பழைய கடைக்கு அதையே கேளுங்கள். ஏன் ஓடுகிறது? கூட்டம் வருகிறது. ஏன் வருகிறது? ஒருவேளை பஸ் நிற்கும் இடமாக இருக்கலாம். வாடகை இல்லாத சொந்தக் கட்டடமாக இருக்கலாம், அதனால்தான் நல்ல எண்ணெய் கட்டுபடியாகிறதோ என்னவோ. மாவு பிசைவது உங்கள் வீட்டு அம்மாவின் கையாகவும் இருக்கலாம். ஒரு வாரம், வருகிற ஒவ்வொருவரிடமும் "எங்கிருந்து வர்றீங்க, எப்படித் தெரியும்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மகன் கடையிலும் அதையே செய்யுங்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு மகனைக் குறை சொல்லலாமா என்று முடிவு செய்யுங்கள். அதுவரை அவனை ஒன்றும் சொல்லாதீர்கள்.

பையன் பிளஸ் டூ. திட்டினால் அடுத்த தேர்வில் மார்க் ஏறுகிறது, பாராட்டினால் இறங்குகிறது. அப்படியென்றால் திட்டுவதுதானே சரி? (ஒரு தாய், கிருஷ்ணகிரி)

இல்லை அம்மா. 2002-ல் பொருளாதார நோபல் பரிசு வாங்கிய டேனியல் கானமன், இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் இதே வாதத்தைக் கேட்டிருக்கிறார். ரொம்ப மோசமாக ஓட்டிய நாளுக்கு அடுத்த நாள் திட்டினாலும் திட்டாவிட்டாலும் கொஞ்சம் தேறும். ரொம்ப நன்றாக ஓட்டிய நாளுக்கு அடுத்த நாள் பாராட்டினாலும் கொஞ்சம் இறங்கும். மார்க்கும் அப்படித்தான் தன் சராசரியைச் சுற்றி ஏறி இறங்கும். நீங்கள் திட்டுவது எப்போதும் பள்ளத்தில், பாராட்டுவது எப்போதும் மேட்டில். ஆறு தேர்வு மார்க்கை வரிசையாக எழுதி, மொத்தத்தில் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

கூடப் படித்தவளுக்கு ஆள் இருந்தது, பெங்களூரில் வேலை கிடைத்தது. எனக்கு யாரும் இல்லை. எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. ஆள் இருந்தால்தான் வெற்றியா அண்ணா? (அரூர்)

ஆள் இருப்பது உதவும் என்பது உண்மைதான் தங்கச்சி, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த 'ஆள்' நீங்கள் நினைக்கிற மாதிரி மாமா, சித்தப்பாவாக இருக்க வேண்டியதில்லை.

மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் வேலை மாறியவர்களிடம் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்து வந்தவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிற ஆள் மூலம்தான் தகவல் வந்திருக்கிறது. 1973-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். காரணம் எளிது. உங்கள் வீட்டாருக்கும் நெருங்கிய தோழிகளுக்கும் தெரிந்தது உங்களுக்கும் முன்பே தெரிந்திருக்கும். புதுச் செய்தி தூரத்து ஆளிடம்தான் இருக்கும்.

மூன்று வருடம் முன்னால் உங்கள் கல்லூரியில் படித்து முடித்தவர்கள் பட்டியலைத் துறை ஆசிரியரிடம் கேளுங்கள். ஊரிலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் போனவர்கள் பொங்கலுக்கு வருவார்கள், அப்போது நேரில் போய்ப் பாருங்கள். "வேலை வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்டால் சங்கடப்படுவார்கள். "உங்கள் இடத்தில் எப்போது ஆள் எடுப்பார்கள், தேர்வில் என்ன கேட்பார்கள்?" என்று கேட்டால் உட்காரவைத்துச் சொல்வார்கள். கூச்சமாக இருக்கும், இருந்தாலும் போங்கள். முதல் பட்டதாரிக்கு இந்த இடத்தில்தான் உதவி ரொம்பத் தேவைப்படுகிறது. உங்கள் பயோடேட்டாவை எனக்கும் அனுப்புங்கள், திருத்திக் கொடுக்கிறேன்.

பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் எதிலும் ஜெயிக்கலாமா சார்? (மாணவி, பர்கூர்)

அந்த எண் பெர்லின் வயலின் மாணவர்களை வைத்து 1993-ல் வந்த ஆய்விலிருந்து பிரபலமானது. இருபது வயதில் சிறந்த மாணவர்கள் எட்டியிருந்த சராசரி அது, அவ்வளவுதான். 2014-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆட்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில் பயிற்சியால் விளக்க முடிந்தது இசையில் 21 சதவீதம், விளையாட்டில் 18, கல்வியில் 4. பயிற்சி கட்டாயம் செய்யுங்கள். ஆனால் மணியை எண்ணுவதைவிட, நேற்று எங்கே தப்பு விட்டோம் என்று சொல்லித்தர ஒருவரைத் தேடிக்கொள்வது நல்லது.

ஒன்பதாம் வகுப்பில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி. வாயைத் திறக்கவே மாட்டாள். தன்னம்பிக்கை இல்லை என்கிறார்கள். பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது. வெற்றிக்குத் தன்னம்பிக்கைதானே காரணம்? (ஆசிரியை, பென்னாகரம்)

டீச்சர், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நானும் பென்னாகரம் பக்கத்துக்காரன்தான், என் பல்லிலும் அந்தக் கறை உண்டு. முதல் நேர்முகத் தேர்வில் கையால் வாயை மூடிக்கொண்டே பதில் சொன்னேன். "பையனுக்குத் தைரியம் போதாது" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். தைரியம் குறைந்ததற்குக் காரணம் எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணறு என்று அன்று யாருக்குத் தெரியும்?

நம் மண்ணில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வரம்பு. சுமார் எட்டு வயது வரை, பல் உள்ளே உருவாகும் காலத்தில் அதிக ஃபுளோரைடு உள்ள தண்ணீரைக் குடித்தால் கறை பல்லோடு சேர்ந்தே வரும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது இதற்காகத்தான்.

அந்தப் பெண்ணிடம் தன்னம்பிக்கை பற்றிப் பேசும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். ஆழ்துளைக் கிணறு என்றால், தம்பி தங்கைக்காவது இப்போதே மாற்றச் சொல்லுங்கள். அவளைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள், கறையைக் குறைக்கவும் மறைக்கவும் இன்று வழி இருக்கிறது. அப்புறம், இது அவள் தப்போ சுத்தக் குறைவோ இல்லை, தண்ணீரால் வந்தது என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி ஒரு பாடமாகவே நடத்துங்கள். அவள் மட்டுமே அப்படி இருக்க வாய்ப்பில்லை.

சார், உங்கள் வெற்றிக்கு என்ன காரணம்? (கேட்டவர் மூன்று பேர்)

நான் உழைத்தேன், அது நிஜம். ஐடிஐயில் ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்லை. ஆனால் முழுக் கணக்கையும் சொன்னால்தான் நியாயமாக இருக்கும்.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் திறந்த காலத்தில் எனக்கு வயது பத்தொன்பது. விளம்பரம் வந்த நாளிதழைக் கொண்டுவந்து கொடுத்தவர் பஸ் நடத்துநர் ஒருவர். விண்ணப்பத்தை நிரப்பியவர் என் கணக்கு வாத்தியார். முப்பத்தொன்பது வருடம் மூன்று ஷிஃப்டிலும், எத்தனை மணிக்குப் போனாலும் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள் என் மனைவி.

எனக்கு ஒரு அண்ணன். ஒன்பது வயது பெரியவர். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர், மனக்கணக்காகவே வட்டி போடுவார். அந்த விளம்பரத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் படித்தோம். வயது வரம்பு இருபத்தைந்து என்று போட்டிருந்தது. அவருக்கு அப்போது இருபத்தெட்டு. தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் புளி உலுக்கப் போனார். முதல் நாள் வேலைக்கு நான் போட்டுக்கொண்டு போன சட்டைக்கான காசு அந்தப் புளியில் வந்தது.