மூன்று வருட லைசென்ஸில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: குடியாத்தம் பக்கம் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். முன்னாள் மாணவர்கள் ஒன்றரை லட்சம் திரட்டித் தந்திருக்கிறார்கள். ஆறு முதல் எட்டு வரை எல்லாப் பாடமும் உள்ள மென்பொருள், மூன்று வருட லைசென்ஸ் என்று வேலூரிலிருந்து ஒருவர் வந்து கேட்கிறார். வாங்கலாமா? இங்கே நெட் சரியாக வராது.

பதில்: வேண்டாம் டீச்சர். மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கணக்குக்கு, திரையில் வடிவங்களை வரைந்து நகர்த்திப் பார்க்கும் ஜியோஜீப்ரா மென்பொருள் இருக்கிறது. பள்ளிக்கு இலவசம். முக்கோணத்தின் ஒரு முனையை மவுஸால் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்கும், கூட்டினால் 180 பாகைதான். பிள்ளை தானே இழுத்துப் பார்த்தால் அப்புறம் மறக்காது. அறிவியலுக்கு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2002-ல் தொடங்கிய ஃபெட், அதாவது திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் செயல்விளக்கங்கள். தமிழிலும் கிடைக்கிறது. நெட் உள்ள இடத்தில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்தால் போதும். பாட வீடியோவுக்குப் பாடநூலிலுள்ள கியூஆர் கோடும் மத்திய அரசின் பாடத்தளமான திக்‌ஷாவும் இருக்கின்றன.

வந்தவரிடம் கேளுங்கள்: லைசென்ஸ் முடிந்த மறுநாள் இது திறக்குமா? பாடநூல் மாறினால் புதுப்பாடம் யார் தருவார்? ஆறாம் வகுப்புக்கு 2018-லும், ஏழு, எட்டுக்கு 2019-லும் புத்தகம் மாறியதே, நினைவிருக்கிறதா? டெமோவை அவருடைய லேப்டாப்பில் பார்க்காதீர்கள். அவர் போனில் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு, உங்கள் பள்ளிக் கணினியில் ஓட்டிக் காட்டட்டும். வேறு நிறுவனத்தின் இலவச வீடியோவுக்குத் தன் பெயரை ஒட்டி விற்பவர்களும் உண்டு. அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

வகுப்புக்கு ஒரு லேப்டாப், ஒரு ப்ரொஜெக்டர் போதும். இதற்கு ஒரே விலக்கு, பார்வை குறைந்த பிள்ளை இருந்தால். சுவரில் காட்டும் படம் அந்தப் பிள்ளைக்கு இல்லாததுபோலத்தான். தனி லேப்டாப், ஹெட்போன், அதில் திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளைப் போட்டுக் கொடுங்கள். இலவசம்தான், தமிழையும் படிக்கும். குரல் கரகரப்பாக இருக்கும், சில நாளில் பழகிவிடும். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தை அப்படியே படிக்காது. ஆகவே குறிப்புகளை நீங்களே யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுங்கள். "ஒரு பிள்ளைக்காகவா?" என்று யாராவது கேட்டால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மீதிப் பணத்தில் யுபிஎஸ், ஸ்பீக்கர், ஜன்னலுக்குக் கெட்டித் திரை வாங்குங்கள். வெயில் உள்ளே அடித்தால் எதுவும் தெரியாது.

பொருள் வாங்கித் தரக் காட்டும் அவசரத்தில் பாதியாவது பயிற்சிக்குக் காட்டக்கூடாதா? பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றவே நேரம் போய்விடுகிறது, இதைப் பழக ஒரு பிற்பகல்கூட ஆசிரியருக்கு ஒதுக்குவதில்லை. தலைமையாசிரியரிடம் கேட்டு அந்தப் பிற்பகலை முதலில் வாங்குங்கள்.