எண்ணெய் நிறுவனப் பங்குகளில் டிவிடெண்ட் மேலா, பைபேக் மேலா?

பைபேக் (நிறுவனம் தன் பங்குகளையே திரும்ப வாங்குவது) அறிவித்தால் நம் கைக்கு ஒரு காசும் வருவதில்லையே, அப்புறம் அது சிறு முதலீட்டாளருக்கு எப்படி லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். வேறு துறையைப் பற்றிக் கேட்டிருந்தால் நான் பைபேக் பக்கம் பேசியிருப்பேன். எண்ணெய் என்பதால் என் ஓட்டு டிவிடெண்டுக்கு, அதாவது லாபத்திலிருந்து பங்குதாரர் கைக்கே வரும் பணத்துக்கு. அதுவும் அளவான டிவிடெண்டுக்கு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு நிறுவனத்துக்கு 100 கோடி பங்குகள், ஆண்டு லாபம் 500 கோடி டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குக்கு 5 டாலர் லாபம். இதில் 250 கோடி டாலரை எடுத்துத் தன் பங்குகளையே சந்தையில் வாங்கி ரத்து செய்கிறது. பங்கு விலை 50 டாலர் என்றால் 5 கோடி பங்குகள் ஒழியும். அதே லாபத்தை 95 கோடியால் வகுத்தால் பங்குக்கு 5.26 டாலர். பங்கு விலை 100 டாலர் என்றால் ஒழிவது 2.5 கோடிதான், பங்குக்கு 5.13 டாலர். ஆக, கைக்குப் பணம் வராவிட்டாலும் நிறுவனத்தில் உங்கள் உரிமை கொஞ்சம் கூடுகிறது. எவ்வளவு கூடும் என்பதை வாங்கிய விலைதான் தீர்மானிக்கிறது.

எண்ணெய்த் தொழிலில் உதைப்பது இந்த இடம்தான். கச்சா எண்ணெய் 2008 ஜூலையில் பீப்பாய்க்கு 147 டாலர் வரை போனது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெய் விலைக்கு அளவுகோலான டபிள்யூடிஐ ஒப்பந்தம் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37 டாலரில் முடிந்தது. எண்ணெய் விலை ஏறும்போது நிறுவனத்திடம் பணம் குவிகிறது, ஆனால் அதற்குள் பங்கு விலையும் ஏறிவிடுகிறது. எண்ணெய் விழும்போது பங்கு அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும், வாங்கத்தான் நிறுவனத்திடம் பணம் இருக்காது.

எக்ஸான்மொபில் நல்ல உதாரணம். 2014-இல் தொடங்கிய எண்ணெய் விலைச் சரிவுக்குப் பிறகு, 2016-இல் பைபேக்கை நிறுத்தியது. 2020-இல் பங்கு 35 டாலருக்கும் கீழே விழுந்தபோது வாங்க வழியில்லை. அந்த ஆண்டு நிறுவனத்துக்கு 2,200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். பங்கு அந்த அடிமட்டத்திலிருந்து இரண்டு மூன்று மடங்கு ஏறிய 2022-இல்தான் பைபேக் திரும்ப வந்தது. செவ்ரான் 7,500 கோடி டாலர் பைபேக் திட்டத்தை 2023 ஜனவரியில் அறிவித்தது, அதாவது எண்ணெய்க் கம்பெனிகள் வரலாறு காணாத லாபம் பார்த்த 2022 முடிந்த கையோடு. 2023 முடிவில் பங்கு விலை அறிவிப்பு நாளைவிடக் கீழேதான் இருந்தது. நிர்வாகிகளைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தத் தொழிலின் பணவரத்தே அப்படி.

அதே பணம் டிவிடெண்டாக வந்தால், எப்போது எங்கே போடுவது என்ற முடிவு உங்களுடையது. பங்கு உச்சத்தில் இருக்கிறது என்று தோன்றினால் வேறு துறையில் போடலாம், சும்மா வைத்திருந்து சரிவில் அதே பங்கை வாங்கலாம். எனக்கு இது பெரிய விஷயம்.

அதற்காக அதிக டிவிடெண்ட் என்றவுடன் பாய்ந்துவிடாதீர்கள். நான் பாய்ந்திருக்கிறேன். 2015-இல், பங்கு விலை சரிந்ததாலேயே டிவிடெண்ட் ஈட்டு விகிதம் (பங்கு விலையில் டிவிடெண்ட் எத்தனை சதவீதம் என்பது) இரட்டை இலக்கத்தில் தெரிந்த ஒரு நிறுவனத்தில், என் சக்திக்கு மீறிய தொகையைப் போட்டேன். அது டிவிடெண்ட் கொடுத்தது கடன் வாங்கித்தான் என்று ஆண்டறிக்கையிலேயே இருந்தது, நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. சில மாதங்களில் டிவிடெண்டை வெட்டினார்கள், பங்கு விலை இன்னும் விழுந்தது. அந்த இழப்பு இன்றும் எனக்கு வலிக்கிறது.

பெரிய பெயர் என்பதும் காப்பு அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிவிடெண்டைக் குறைத்ததே இல்லை என்ற ஷெல், 2020 ஏப்ரலில் காலாண்டு டிவிடெண்டைப் பங்குக்கு 47 சென்டிலிருந்து 16 சென்டாக்கியது. அந்த ஆகஸ்டில் பிபி பாதியாக்கியது. ஆக்சிடென்டல் 79 சென்டிலிருந்து 11-க்கும், பிறகு 1 சென்டுக்கும் இறக்கியது. முந்தைய ஆண்டுதான் அனடார்கோ என்ற எண்ணெய் நிறுவனத்தை வாங்கக் கடனை ஏற்றிக்கொண்டிருந்தது. எக்ஸான்மொபிலோ கடன் வாங்கி 87 சென்டைக் காப்பாற்றியது. எது வெட்டும், எது தாங்கும் என்பதை டிவிடெண்ட் விகிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடன் எவ்வளவு, எண்ணெய் எந்த விலை வரை இறங்கினால் டிவிடெண்டுக்குப் பணம் மிஞ்சும் என்ற இரண்டையும்தான் நான் இப்போது முதலில் தேடுகிறேன்.

டெவான் எனர்ஜி 2021-இல் கொண்டுவந்த முறை எனக்குப் பிடித்திருந்தது: சிறிய நிலையான டிவிடெண்ட், அதற்கு மேல் அந்தக் காலாண்டில் மிஞ்சிய பணத்துக்கேற்ப ஏறி இறங்கும் ஒரு பகுதி. மாதச் செலவுக்கு அதை நம்பக் கூடாது. ஆனால் நிறுவனத்தால் கொடுக்க முடியாததைக் கொடுப்பதாக அது சொல்வதில்லை.

வரியைப் பொறுத்தவரை பைபேக்குக்குத்தான் சாதகம். டிவிடெண்ட் வந்த ஆண்டே வரி கேட்கும். பங்குகளை விற்காமல் வைத்திருந்தால் பைபேக்கின் பலனுக்கு வரி தள்ளிப்போகும். உங்கள் வரி விகிதம் அதிகம், பத்து ஆண்டுகளுக்குப் பணம் தேவையில்லை என்றால் என் பதிலை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் பங்கில் பைபேக் நடந்தால், அறிவித்த தொகையை விட்டுவிட்டு மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையை ஐந்தாறு ஆண்டுகளுக்கு வரிசையாக எழுதிப் பாருங்கள். எக்ஸான்மொபில் பயனியர் என்ற எண்ணெய் நிறுவனத்தை வாங்கியதும், செவ்ரான் ஹெஸ் என்ற நிறுவனத்தை வாங்கியதும் புதுப் பங்குகளை வெளியிட்டுத்தான். ஒரு பக்கம் ரத்தாகும், மறுபக்கம் புதிதாகச் சேரும். ஊழியர்களுக்கு ஒதுக்கும் பங்குகளும் அதில் கூடும். எண்ணிக்கை குறையவில்லை என்றால், அந்தப் புதுப் பங்குகளுக்கு ஈடாக என்ன வந்தது என்று நிர்வாகத்திடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.