குரூப் டூருக்கு உங்க எஃப்டிய உடைக்காதீங்க அக்கா

கேள்வி: குன்னூர்ல நாங்க 12 பேரு தினமும் காலைல ஷட்டில் கோர்ட்ல பிக்கிள்பால் (சின்ன மட்டையால ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்த அடிக்கற ஆட்டம்) ஆடுறோம். 3 பேரு சின்னதா தேயிலைத் தோட்டம் வெச்சிருக்காங்க, மத்தவங்க முக்கால்வாசி ரிட்டயர்டு. செப்டம்பர்ல பாலிக்கு 6 நைட் போயி கோச் வெச்சு ஆடிட்டு வரலாம்னு இருக்கோம். டிராவல்ஸ்ல ஆளுக்கு 95,000 சொல்றாங்க, மொத்தம் 11,40,000. இப்ப 4 லட்சம் முன்பணம் கட்டணுமாம். 9 பேரு ரெடி, 3 பேரு "அப்பறம் தர்றேன்"ங்கறாங்க. என்கிட்ட 6 லட்சம் எஃப்டி இருக்கு, அத உடைச்சு நானே கட்டிட்டு அப்பறமா எல்லார்கிட்டயும் வாங்கிக்கலாமா? நான் ரிட்டயர்டு டீச்சர், வயசு 61.

பதில்: வேண்டாம்க்கா. டூர் போங்க, கண்டிப்பா போங்க, 61 வயசுல 12 பேரு சேர்ந்து விளையாடப் போறீங்கன்னு படிச்சப்ப எனக்கு அவ்ளோ சந்தோசம். ஆனா அந்த எஃப்டில கை வெக்காதீங்க. முன்கூட்டியே உடைச்சா பேங்க்ல வட்டில அரை பர்சென்ட்ல இருந்து ஒண்ணு வரைக்கும் குறைப்பாங்க, அது கூட பெருசில்ல. நம்ம மலைல பெரிய வைத்தியம்னா கோயமுத்தூருக்குத்தான் இறங்கணும், அன்னிக்கு ராத்திரி உங்க கைல இருக்க வேண்டிய காசு அது. தினமும் காலைல முகம் பாக்குற ஆளுங்ககிட்ட "என் காசு எப்ப தருவீங்க"ன்னு கேக்க உங்களுக்கு வாய் வராது, கேக்காம விட்டா மனசுல கிடந்து உறுத்தும், கடைசில ஆட்டமே நின்னுடும். நான் பாத்த குரூப்புல இப்படித்தான் ஆச்சு, அதுல பணம் போட்டவங்க இன்னும் கோர்ட் பக்கமே வர்றதில்ல.

அதனால ஒவ்வொருத்தரும் அவங்கவங்க அக்கவுன்ட்ல இருந்து நேரா டிராவல்ஸுக்கு கட்டட்டும், பில்லும் அவங்கவங்க பேர்லயும் பான் நம்பர்லயும் வாங்குங்க. இத நான் வற்புறுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. ஃபாரின் டூர் பேக்கேஜ்ல டிராவல்ஸ்காரங்க டிசிஎஸ், அதாவது பில்லோட சேர்த்து வாங்கற வருமான வரி, பிடிச்சு கட்டணும், 2023 அக்டோபர்ல 7 லட்சத்துக்கு மேல போனா 20 பர்சென்ட்னு கொண்டுவந்தாங்க, 2025 ஏப்ரல்ல அந்த 7 லட்சத்த 10 ஆக்கினாங்க, இப்படி மாத்திக்கிட்டே இருக்கறதால புக் பண்ற அன்னிக்கு என்ன ரேட்டுன்னு எழுதி வாங்கிக்குங்க. இது செலவில்ல, உங்க பேர்ல கட்டி வெச்ச வரி, வருமான வரி வெப்சைட்ல உங்க கணக்குல தெரியும். ஆனா 12 பேரு டிசிஎஸ்ஸும் உங்க ஒரு பான்ல விழுந்தா மத்த 11 பேருக்கு அத எப்படி பிரிச்சுக் குடுப்பீங்க? வரியே இல்லாத பென்சன்காரங்களும் வருமான வரி ரிட்டர்ன் போட்டாதான் அந்தக் காசு திரும்பி வரும், இதையும் குரூப்ல எல்லாருக்கும் சொல்லிடுங்க. இன்னொண்ணு, வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு வருசத்துல 2 லட்சத்துக்கு மேல செலவு பண்ணினா வருமானம் கம்மின்னாலும் ரிட்டர்ன் போட்டே ஆகணும், அது உங்களுக்கான செலவு மட்டுமில்ல, அடுத்தவங்களுக்காக நீங்க கட்டுனதும் அதுல சேரும். 4 லட்சம் நீங்க கட்டுனா இதுலயும் மாட்டுவீங்க.

இப்ப அந்த 3 பேரு விசயம். டிராவல்ஸ்கிட்ட 95,000த்த பிரிச்சு காட்டச் சொல்லுங்க. ரூம், சாப்பாடு, ஃப்ளைட் எல்லாம் ஆளுக்கேத்த மாதிரி குறையும், கோச் ஃபீஸ், கோர்ட் வாடகை, வேன் இதெல்லாம் குறையாது. குறையாதது 2,40,000ன்னு வெச்சுக்கலாம், 12 பேருன்னா ஆளுக்கு 20,000, 9 பேருன்னா 26,700 பக்கம் வந்துடும். அதனால 9 பேரு கணக்குக்கே தயாராகுங்க. டிராவல்ஸுக்கு கட்டறது போக ஆளுக்கு 7,000 பொதுப் பணமா ரெண்டு பேரு பொறுப்புல வெச்சுக்குங்க, 9 பேரு மட்டும் போனாலும் 63,000 இருக்கும், தேவை 60,000தான். 12 பேரும் வந்துட்டா மிச்சத்த திருப்பிக் குடுத்துடலாம். கடைசி நேரத்துல வர முடியலன்னா முன்பணம் திரும்பாது, பதிலுக்கு ஆளு கொண்டுவந்தா திரும்பும்னு குரூப்ல இப்பவே ஒரு வரி எழுதிப் போட்டுடுங்க, அப்பறம் யாரும் யார்கிட்டயும் மனஸ்தாபப்பட வேண்டியதில்ல.

தோட்டம் வெச்சிருக்கவங்க இழுக்கறாங்கன்னா அவங்கள தப்பா நினைக்காதீங்க. பனி விழுந்த மாசத்துல இலை வராது, இலை போட்ட காசும் ஃபேக்டரில இருந்து உடனே வராது. மே ஜூன்ல இலை நல்லா வர்றப்ப அவங்களுக்கு தவணை வெச்சு கேளுங்க, டிராவல்ஸ்லயும் 3 தவணைக்கு ஒத்துக்குவாங்களான்னு பேசிப் பாருங்க.

செப்டம்பர் நல்ல மாசம்தான். பாலில ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் மழை கம்மி, ஜூலை ஆகஸ்ட்ல கூட்டம், விலையும் கூட. அக்டோபர் கடைசிக்கு மட்டும் தள்ளிப் போடாதீங்க, மேட்டுப்பாளையம் ரோட்டுல மண்ணு சரிஞ்சா ஃப்ளைட்டே போயிடும். எந்த மாசமா இருந்தாலும் முந்தின நாளே கோயமுத்தூர் இறங்கி தங்குற செலவ பட்ஜெட்ல சேருங்க.

கோர்ட்டுக்கு ஒரு யோசனை. டிராவல்ஸ் 3 கோர்ட் போடலாம்னு சொன்னா 2 போதும்னு சொல்லுங்க. 2 கோர்ட்ல ஒரே நேரத்துல 8 பேரு ஆடலாம், ஒரு நாளைக்கு 3 மணி நேரம் எடுத்தா ஆளுக்கு 2 மணி நேரம் ஆட்டம் கிடைக்கும். 1,850 மீட்டர் உயரத்துல குளிர்ல ஆடிப் பழகுன உடம்புக்கு கடலோர வெக்கைல அதுவே ஜாஸ்தி, காலைல 9 மணிக்குள்ள முடிச்சுடுங்க. நீங்க உள்ளரங்குல 26 ஓட்டை பந்துல ஆடுறவங்கன்னா வெளில ஆடறதுக்கு 40 ஓட்டை பந்து தனியா வாங்கணும். விசாவுக்கு அந்த ஊர் (இந்தோனேசியா) காசுல 5 லட்சம் ரூபியா, பாலி சுற்றுலா வரி ஒன்றரை லட்சம் ரூபியா, ரெண்டும் சேர்ந்து நம்ம காசுல 3,500 பக்கம் வரும், பேக்கேஜ்ல இருக்கான்னு கேளுங்க.

இன்சூரன்ஸ்ல தயவுசெஞ்சு காசு மிச்சம் பிடிக்காதீங்க. பிபி, சுகர் மாத்திரை சாப்பிடறத ஃபார்ம்ல மறைக்காம எழுதுங்க, மறைச்சா க்ளெய்ம் நிக்காது. கோச்சிங் கேம்ப்ல ஆடறப்ப முட்டி, கணுக்கால்ல அடிபட்டா கவர் ஆகுமான்னு மெயில்ல கேட்டு பதில வெச்சுக்குங்க, போன்ல "ஆகும்"னு சொல்றத நம்பாதீங்க.

அந்த 3 பேருகிட்டயும் ஒரு தேதி சொல்லிடுங்க, 10 நாள் போதும். அதுக்குள்ள முன்பணமோ முதல் தவணையோ கட்டுனா 12 பேருக்கு ரூம், இல்லன்னா 9 பேருக்கு போடச் சொல்லுங்க.