பக்கத்தில் நிற்பவர்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். இதுவரை எழுதியதில்லை. வீட்டில் ஒரு வழக்கு வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

எனக்கு 54 வயது. கொஞ்ச நாளாக வாழ்க்கை வரலாற்றுப் படங்கள் மட்டுமே பார்க்கிறேன். மூன்று மணி நேரத்தைக் கொடுக்கிறோம், நிஜமாக நடந்த ஒன்றைத் தெரிந்துகொண்டோம் என்ற திருப்தியாவது மிஞ்ச வேண்டாமா? கல்லூரியில் படிக்கும் என் மகன் விடுமுறைக்கு வந்தால் சூப்பர் ஹீரோ படங்களாகப் போட்டுத் தள்ளுகிறான். பறக்கிறார்கள், கட்டிடம் சரிகிறது, உலகம் அழியப்போகிறது, கடைசி நிமிடத்தில் அழியாமல் தப்பிக்கிறது. போன வாரம் பொறுக்காமல் “இதெல்லாம் ஒரு படமாடா?” என்று கேட்டுவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, “நீங்க பாக்குறதும் இதேதாம்ப்பா, டிரெஸ் மட்டுந்தான் வேற” என்றான். என் மனைவியும் அவன் கட்சி.

நீங்கள் சூப்பர் ஹீரோ படங்கள் பார்ப்பதுண்டா? அவன் சொன்னதில் ஏதாவது இருக்கிறதா, அல்லது வாய்க்கொழுப்பா?

அன்புடன்,
க., தென்காசி

*

அன்புள்ள க.,

பார்ப்பதுண்டு. அதுவும் அண்மையில் வைரஸ் காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தபோது, வாசிக்கக் கண் ஒத்துழைக்காததால், இரண்டு வகையிலும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பார்த்துத் தீர்த்தேன். ஆகவே உங்கள் வழக்கு சரியான சமயத்தில்தான் வந்திருக்கிறது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாய்க்கொழுப்பு இருக்கலாம், ஆனால் பையன் சொன்னது சரி.

உடுப்பு மட்டும்தான் வேறு என்பதற்கு அவனுக்கே தெரியாத சாட்சிகள் உண்டு. 2008-இல் இரும்புக் கவசத்தை மாட்டிக்கொண்டு ‘அயர்ன் மேன்’ ஆனாரே ராபர்ட் டௌனி ஜூனியர், அவர் அதற்குப் பதினாறு வருடம் முன்பே சார்லி சாப்ளினாக நடித்து ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். வௌவால் மனிதனை வைத்து மூன்று படம் எடுத்த கிறிஸ்டோபர் நோலன்தான் 2023-இல் அணுகுண்டு விஞ்ஞானியைப் பற்றி ‘ஓப்பன்ஹைமர்’ எடுத்தார். நகம் நீளும் உல்வரினை 2017-இல் ‘லோகன்’ படத்தில் வழியனுப்பிவைத்த ஜேம்ஸ் மான்கோல்ட், 2024-இல் பாடகர் பாப் டிலனைப் பற்றி ‘எ கம்ப்ளீட் அன்நோன்’ எடுத்தார். நம் ஊரில் சிவகார்த்திகேயன் 2023-இல் ‘மாவீர’னில் காதில் ஓர் அசரீரி கேட்டு வீரனாகும் பயந்தாங்கொள்ளிப் படக்கதைக்காரர். அடுத்த ஆண்டு தீபாவளிக்கு ‘அமர’னில் மேஜர் முகுந்த் வரதராஜன். ஒரே சமையல்காரர், ஒரே அடுப்பு.

உண்மையில் நடந்தது என்பதில் உங்களுக்கு இருக்கும் அந்தத் திருப்தியை மட்டும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 2018-இல் வந்த ‘பொஹீமியன் ராப்சடி’யில் குவீன் இசைக்குழு பிரிந்துகிடக்கிறது. 1985 ஜூலையில் நடந்த லைவ் எய்ட் மேடைக்காகத்தான் மறுபடி சேர்கிறார்கள். நமக்குத் தொண்டை அடைக்கிறது. நிஜத்தில் அவர்கள் பிரியவே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் புதிய ஆல்பம் வெளியிட்டு, 1985 மே வரை ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தார்கள். பிரிந்தவர் கூடினால்தான் கடைசிக் காட்சியில் சிலிர்க்கும் என்று கதையில் பிரித்துவைத்திருக்கிறார்கள். சூப்பர்மேன் பறப்பது பொய் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. இது பொய் என்று தெரியாமல் நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம்.

ஆனால் பொய் கலந்திருப்பதால் படம் மோசம் என்று சொல்லவில்லை. மான்கோல்டின் டிலன் படத்திலும் பொய் உண்டு. 1965-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில், டிலன் மின்கிதாரை எடுத்ததும் கூட்டத்திலிருந்து ஒருவன் ‘யூதாஸ்’, அதாவது துரோகி, என்று கத்துகிறான். அந்தக் குரல் எழுந்தது மறு ஆண்டு மே மாதம், இங்கிலாந்தின் மான்செஸ்டரில். கடல் தாண்டி ஒரு வசவைத் தூக்கிவந்து இங்கே வைத்திருக்கிறார்கள். எனக்கு அது உறுத்தவில்லை. ஏன் ஒன்று உறுத்துகிறது, இன்னொன்று உறுத்தவில்லை என்று காய்ச்சலோடு படுத்து யோசித்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. அதைத்தான் உங்களுக்கு எழுத நினைத்தேன்.

இரண்டு வகைப் படத்திலும் நாயகன் நம்மைவிடப் பெரியவன். அவனுக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று நமக்கு முழுக்கத் தெரியப்போவதில்லை. அந்தப் பாட்டு எப்படி வந்தது, அந்தச் சமன்பாடு எப்படித் தோன்றியது என்பதை எந்தக் கேமராவும் காட்டாது. ஆகவே படம் நிற்பதும் விழுவதும் பக்கத்தில் நிற்பவரால்தான். அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருவர். அவர் வெறுமனே வாயைப் பிளந்து நின்றால் படம் முடிந்தது. ‘பொஹீமியன் ராப்சடி’யில் மற்ற மூவருக்கும் இருக்கும் வேலை பெரும்பாலும் அதுதான்: பாடகர் ஃப்ரெடி பியானோவில் விரலை வைத்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புருவத்தை உயர்த்துவது.

டிலன் படத்தில் பக்கத்தில் நிற்பவர் மூத்த பாடகர் பீட் சீகர். எட்வர்ட் நார்ட்டன் நடித்திருக்கிறார் (இவரும் 2008-இல் பச்சை ராட்சசன் ஹல்க்காக இருந்தவர்தான்). சீகர் நல்லவர். நாட்டுப்புறப் பாட்டு உலகைத் திருத்தும் என்று நம்பும், பாஞ்சோவைத் தோளில் மாட்டிய ஒரு காந்தியவாதி மாதிரி. மருத்துவமனையில் பேச்சிழந்து கிடக்கும் நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரியின் அறையில் இந்தப் பையன் டிலன் பாடுவதைக் கேட்டு, வீட்டுக்கு அழைத்துப்போய்த் தங்கவைக்கிறார், மேடை வாங்கித் தருகிறார். நாலே வருடத்தில் பையன் கைமீறிப் போகிறான். விழாவுக்கு முன் அவனிடம் ஒரு கதை சொல்லிப் பார்க்கிறார். சீசா பலகையின் ஒரு முனை கனத்துத் தரையில் கிடக்கிறது. நாங்கள் எல்லோரும் தேக்கரண்டியால் மறுமுனையில் மணல் போட்டுக்கொண்டிருக்கிறோம். நீ மண்வெட்டியோடு வந்தாய். அதைச் சரியான இடத்தில் போட்டால் போதுமே. இதைச் சொல்லும்போது அந்த முகத்தில் இருப்பது பாசமா, கெஞ்சலா, கணக்கா? மூன்றும்தான். தன் பிள்ளை வேறு பாதையில் போவதைப் பார்த்த எந்த அப்பாவுக்கும் அந்த முகம் தெரியும். (உங்களைச் சொல்லவில்லை.)

மின்கிதார் அலறத் தொடங்கியதும் சீகரின் கண் மேடையோரம் கிடக்கும் கோடரிகள் மேல் போகிறது. மனைவி தோஷி தடுத்துவிடுகிறார். மறுநாள் காலை, எல்லோரும் போன மைதானத்தில், மனிதர் மடக்கு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். எனக்குப் படத்தில் மனதில் நிற்பது இதுதான். டிலனாக வரும் திமோத்தே ஷாலமே எல்லாப் பாட்டையும் தானே பாடியிருக்கிறார், நன்றாகவும் பாடியிருக்கிறார். ஆனால் டிலன் கடைசிவரை யாரென்றே தெரிவதில்லை, படத்தின் பெயரும் அதைத்தான் சொல்கிறது. தெரிந்தது சீகரைத்தான். ‘யூதாஸ்’ என்ற வசவை நாடு கடத்தி வந்தது எனக்கு உறுத்தாததற்குக் காரணம், சீகரின் மனதில் அப்போது ஓடியிருக்கக்கூடிய சொல் அது என்பதுதான். எட்டுப் பரிந்துரைகளுக்கு ஓர் ஆஸ்கர்கூடக் கிடைக்கவில்லை. போகட்டும்.

‘ஓப்பன்ஹைமர்’ நீங்கள் பார்த்திருப்பீர்கள், விரித்து எழுத வேண்டியதில்லை. முதல்முறை நானும் குண்டு எப்போது வெடிக்கும் என்றுதான் காத்திருந்தேன். இந்தமுறை கறுப்பு வெள்ளையில் வரும் லூயிஸ் ஸ்ட்ராஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். நடித்திருப்பவர் நம் பழைய அயர்ன் மேன். 1947-இல் பிரின்ஸ்டனில் ஒரு குளக்கரையில் ஓப்பன்ஹைமரும் ஐன்ஸ்டைனும் ஏதோ பேசுகிறார்கள். ஐன்ஸ்டைன் ஸ்ட்ராஸை ஏறெடுத்தும் பார்க்காமல் கடந்துபோகிறார். என்னைப் பற்றித்தான் ஏதோ போட்டுக்கொடுத்துவிட்டான் என்று இந்த மனிதர் முடிவு கட்டி, அந்தப் புண்ணைப் பத்துப் பன்னிரண்டு வருடம் சொறிந்துகொண்டே இருக்கிறார். ஓப்பன்ஹைமர் மீதான 1954 விசாரணை, 1959-இல் செனட் இவரை அமைச்சர் பதவிக்கு 49-க்கு 46 என்று நிராகரித்தது, எல்லாம் அதன்மேல் ஏறிய சீழ். அவர்கள் பேசியது இவரைப் பற்றியே இல்லை! கல்யாண வீட்டில் யாரோ இருவர் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்று நினைக்கும் மாமாக்கள் நம் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. டௌனி நாயகனாகப் பத்து வருடத்துக்கு மேல் பறந்தும் கிடைக்காத ஆஸ்கர், பக்கத்தில் நின்று பொறாமைப்பட்டதற்குக் கிடைத்தது. இசைமேதை மோட்சார்ட்டின் கதையைச் சக இசையமைப்பாளர் சலியேரியின் வயிற்றெரிச்சல் வழியாகச் சொன்ன 1984-ஆம் வருடத்து ‘அமடியஸ்’ போட்ட பாதைதான்.

இனி உங்கள் மகன் பக்கம். 2025 ஜூலையில் வந்த ஜேம்ஸ் கன்னின் ‘சூப்பர்மேன்’ பார்த்தேன். நாய் பிடித்திருந்தது. கிரகம் வெடித்து, குழந்தை விழுந்து, வயலில் வளர்ந்து என்ற புராணத்தை மறுபடி ஓதாமல், நேரே அடிவாங்கிப் பனியில் விழும் இடத்தில் தொடங்கியது பிடித்திருந்தது. கடைசிப் பகுதியில் நகரம் பிளப்பதெல்லாம் எனக்குத் தூக்க மாத்திரை. ஆனால் நடுவே ஒரு காட்சி: காதலி லோயிஸ், தன் வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்தில், ஒலிப்பதிவுக் கருவியை நடுவில் வைத்துக்கொண்டு அவனைப் பேட்டி எடுக்கிறாள். ஒரு போரை நிறுத்தினாயே, யாரைக் கேட்டு நிறுத்தினாய், உன்னை யார் அனுப்பினார்கள்? மலையைத் தூக்குகிறவனுக்கு நாலு கேள்விக்குப் பதில் வரவில்லை. கோபம்தான் வருகிறது. அந்தப் பத்துச் சொச்சம் நிமிடத்தை வேறு எந்தப் படத்திலிருந்து வெட்டி எனக்குக் காட்டியிருந்தாலும், நல்ல வாழ்க்கை வரலாற்றுப் படம் போல என்றுதான் நினைத்திருப்பேன். (இங்கே திரையரங்கில் அவர்கள் முத்தத்தைத் தணிக்கையில் கத்தரித்துவிட்டார்கள். வானத்தில் பறக்கலாம், பறந்துகொண்டே முத்தம் கொடுக்கக்கூடாது.)

அடுத்த மாதமே வந்த மலையாள ‘லோகா’வை விடாமல் பாருங்கள். உங்களுக்கு அது இன்னும் நெருக்கமாக இருக்கும். கள்ளியங்காட்டு நீலியை யட்சி என்றுதான் மலையாளத்தில் சொல்லிவந்தார்கள். அந்த நீலி, சந்திரா என்ற பெயரில், பெங்களூரில் ஒரு காபிக்கடையில் இரவு வேலை பார்க்கிறாள். கல்யாணி பிரியதர்ஷன். எதிர் வீட்டுப் பையன் சன்னி, வேலைவெட்டி இல்லாதவன், முதலில் ஜன்னல் வழியாக ரசிக்கிறான், பிறகு உண்மை தெரிந்து நடுங்குகிறான், நடுங்கிக்கொண்டே பின்னால் போகிறான். நஸ்லென் அந்த நடுக்கத்தை அவ்வளவு இயல்பாகச் செய்திருக்கிறார். அவன் பயப்படுவதால்தான் அவளுக்குச் சக்தி இருப்பதை நான் நம்பினேன். கிராபிக்ஸ் அதற்கப்புறம்.

என் பாட்டிக்கு ஊர் அரக்கோணம் பக்கம். அங்கிருந்து திருவாலங்காடு ஒரு எட்டு. அவள் சொன்ன நீலி வேறு, பழையனூர் நீலி. கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வணிகன் ஒருவனை என் புருஷன் என்று சொல்லி ஊர்ச்சபையில் நின்று அழுத நீலி. நீலிக் கண்ணீர் என்கிறோமே, அந்தக் கண்ணீர். பாட்டி நீலியைப் பற்றி அதிகம் சொல்லமாட்டாள். அவள் குரல் தழைவது அந்த எழுபது வேளாளர்களிடம் வரும்போதுதான். அந்த அழுகையை நம்பி, ‘இவனுக்கு ஏதும் ஆனால் எங்கள் உயிர் பிணை’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு, விடிந்து பார்த்தால் வணிகன் செத்துக்கிடக்க, சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கியவர்கள். பேய்க்கதைதான், ஆனால் கதை பேயைப் பற்றியது இல்லை. பாட்டிக்கு இது தெரிந்திருந்தது. ஹாலிவுட்டில் பல பேருக்கு இன்னும் தெரியவில்லை.

‘அமரன்’ பற்றி ஒரு வரி. முகுந்தின் மனைவி இந்து என்ற பாத்திரத்தில் வரும் சாய் பல்லவி பார்க்கும் வரை அது ஒரு மனிதரின் கதை. அவர் திரையில் இல்லாத போர்க்காட்சிகளில் அது நட்சத்திரப் படம். அங்கே சுடப்படுகிறவர்களுக்கு முகமே இல்லை.

சின்ன வயதில் சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்த தலைமுறைதானே நாம் இருவரும்? மின்சாரம் பாய்ந்தால் மனிதர் மறைந்துபோவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். கதை ஒன்றுகூட இப்போது முழுதாக ஞாபகமில்லை. கையைப் பார்த்து விழி பிதுங்கி நிற்கும் யாரோ ஒரு காவலாளியின் முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. மாயாவிதான் தெரியமாட்டாரே, ஓவியர் வேறு யாரை வரைவார்!

உங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு படம் சொல்லுங்கள் என்று கேட்டால், நான் பார்க்க ஆசைப்படுவதை இன்னும் யாரும் எடுத்த மாதிரித் தெரியவில்லை. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்று கிளீவ்லாண்டு நகரில் இரண்டு ஏழைப் பையன்கள். 1938-இல் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். அவன் உலகத்தையே சுற்றிப் பறந்தான், இவர்கள் வழக்கு நடத்தித் தோற்று வறுமையில் கிடந்தார்கள். 1975-இல்தான் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் என்று ஓர் ஓய்வூதியம் கிடைத்தது. இதை அந்த இருவர் வழியாக எடுக்கக்கூடாது. 1930-களில் லோயிஸ் பாத்திரத்தை வரைவதற்காக ஷஸ்டரின் முன் மாடலாக நின்ற ஒரு பெண் இருந்தாள். ஜோன். பின்னாளில் சீகலையே மணந்துகொண்டாள். பேட்டி எடுக்கும் அந்தப் பெண்ணின் முகம் அவளுடையது. அவள் சொல்ல வேண்டிய கதை அது.

மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். டிரெஸ்ஸை யார் தைத்தார்கள் என்று அவனுக்கும் தெரியட்டும். ‘லோகா’ பார்ப்பதாக இருந்தால் இரவில் பாருங்கள், மனைவியையும் உட்காரவைத்துக்கொண்டு. தென்காசியில் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.

அன்புடன்.